ஏழு நிமிடச் சிலை

கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள், ஐயா. அரை மணி நேரமாகக் கூனியே எழுதிக்கொண்டிருக்கிறீர்கள், நாளைக்கு முதுகு பிடித்துக்கொள்ளும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நாடகத்தில் நான் முதலில் சொல்லித்தருவதே அதுதான். வசனமெல்லாம் அப்புறம். முதலில் உடம்பு சொன்ன பேச்சைக் கேட்க வேண்டும்.

அதற்குத்தான் சிலைப் பயிற்சி. நான் ஒரு தடவை கை தட்டினால் எல்லாரும் இருந்தபடியே உறைந்து நிற்க வேண்டும். மறுபடி தட்டும்வரை அசையக் கூடாது. ஒருவர் அசைந்தாலும் மொத்த வகுப்பும் முதலிலிருந்து ஆரம்பிக்கும். கொடுமை என்று எழுதிவிடாதீர்கள். முப்பது வாலில்லாக் குரங்குகளை ஒரு வாரம் கட்டி மேய்த்துப் பாருங்கள், தெரியும்.

எங்கள் பள்ளியில் நாடகம் ஒப்புக்குச் சப்பாணி. கணக்கு வாத்தியாருக்குப் பாடம் முடியவில்லை என்றால் என் வகுப்பைத்தான் எடுத்துக்கொள்வார். இந்த வருடம் அடியோடு தூக்கிவிடப் பேச்சு நடந்தது. தலைமையாசிரியை வியாழக்கிழமை வந்து ஒரே ஒரு வகுப்பைப் பார்ப்பார், பார்த்துவிட்டு முடிவு சொல்வார் என்றார்கள். பதினாறு வருட உழைப்புக்கு நாற்பது நிமிடம். வயிறு எரிந்தது, அதை நான் மறைக்கவில்லை.

அந்தப் பெண்ணைப் பற்றிக் கேட்டீர்கள். பிள்ளைகள் அவளைப் பூனை என்பார்கள், நடந்து வந்தால் சத்தமே கேட்காது. சேர்ந்த வாரமே அவள் அம்மா துணிக்கடை வேலையில் ஒரு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு என்னைப் பார்க்க வந்தார். மகளுக்கு மூச்சிரைப்பு உண்டு என்று சொல்லி ஓர் இன்ஹேலரை என் கையில் வைத்தார்.

"அவ பையில ஒண்ணு இருக்கு சார். வகுப்புக்குள்ள பையை விடமாட்டீங்களாமே, அதான் இது. அவ வாயத் தொறந்து கேக்க மாட்டா. நீங்கதான் பாத்துக்கணும்."

பார்த்துக்கொள்கிறேன் என்றேன். சொன்ன சொல் தவறவில்லை. அன்றிலிருந்து அது என் சட்டைப் பையிலேயே இருந்தது.

செவ்வாய்க்கிழமை ஒத்திகையில், ஆறாவது நிமிடம், பூனை இருமிவிட்டாள். மொத்த வகுப்பும் அவளை முறைத்தது. நான் கோபப்படவே இல்லை. "உன் ஒருத்தியால இருபத்தொம்பது பேர் உழைப்பு வீணாப் போச்சு பாத்தியா" என்று மட்டும் சொன்னேன். தலையாட்டினாள். நல்ல பெண், ஒரு தடவை சொன்னால் போதும்.

வியாழக்கிழமை காலையில் பழைய சாமான் போட்டுவைக்கும் கிட்டங்கியிலிருந்த திரையை எடுத்து நானே மேடையில் மாட்டினேன். தூசி பறந்தது உண்மைதான். ஆனால் வெறும் சுவரைக் காட்டி யாரிடம் நாடகத்தைக் காப்பாற்ற முடியும்? தலைமையாசிரியை முன்வரிசையில், எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஏழு நிமிடம் ஒருவர்கூட அசைய மாட்டார்கள் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே கைக்கடிகாரத்தைக் கழற்றி மடியில் வைத்தார். நான் தட்டினேன்.

மூன்றாவது நிமிடத்தில் அவள் மூச்சு கேட்டது. சைக்கிள் டயரில் காற்று இறங்குவது போல மெல்லிய சத்தம். ஒரு கையைத் தலைக்கு மேல் தூக்கி நின்றிருந்தாள். கண் மட்டும் திரும்பி என் சட்டைப் பைக்கு வந்தது. கண் அசைவதை நான் பிழையாக எடுத்துக்கொள்வதில்லை.

ஐந்தாவது நிமிடத்தில் தலைமையாசிரியை என் பக்கம் சாய்ந்தார். "அந்தப் பொண்ணுக்கு என்னமோ பண்ணுதே சார்?"

"நடிப்பு மேடம். மூச்சுத் திணறுற மாதிரி ஒரு சிலை. நாலு வாரமா சொல்லிக் குடுத்தேன்."

அவர் முகத்தில் அப்படியொரு வியப்பு. பதினாறு வருடத்தில் என் வகுப்பை யாரும் அப்படிப் பார்த்ததில்லை, ஐயா.

ஆறாவது நிமிடம் அவள் விழுந்தாள். மற்றவர்கள் அசையவில்லை. பக்கத்தில் நின்றவன் கன்னத்தில் கண்ணீர் ஓடியது, அவனும் துடைக்கவில்லை. தலைமையாசிரியை பாதி எழுந்து என்னைப் பார்த்தார். நான் ஒரு விரலைக் காட்டினேன், இன்னும் ஒரே நிமிடம் என்று. உட்கார்ந்துவிட்டார். ஏழு முடிந்ததும் தட்டினேன். அதற்கப்புறம்தான் கூச்சல்.

தெரிந்ததா, தெரியாதா என்று மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள். தெரிந்தது. மூன்றாவது நிமிடமே தெரிந்தது. என் கை பைக்குள் போனது, இன்ஹேலரைத் தொட்டேன். கொடுத்திருந்தால் பிழைத்திருப்பாள். ஆனால் அசைந்திருப்பாளே. முதலிலிருந்து ஆரம்பிக்க நேரம் இல்லை, மணி அடிக்க ஐந்து நிமிடம்கூட இல்லை.

வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடுகிறேன், கொடுங்கள். ஒரே ஒரு உதவி செய்யுங்கள். முப்பது பேருக்கும் மதிப்பெண் போட்டு வைத்திருக்கிறேன். அவளுடையதை அவள் அம்மா கையில் நானே கொடுக்க வேண்டும். கீழே விழுந்ததற்காக நான் ஒன்றுகூடக் குறைக்கவில்லை என்று தெரிந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.