அலாரத்தின் மேல் பச்சைப் பொட்டலம்

தைவானிலேயே எங்கள் சின்ச்சு ஊரில்தான் காற்று அதிகம், ஐயா. ஜன்னலைச் சாத்தினான் என்பதற்காக இங்கே யாரும் யாரையும் கோபித்துக்கொள்வதில்லை.

எங்கள் ஆய்வகத்தில் கண்ணுக்குத் தெரியாத இரும்பு ஆக்சைடுத் துகள்களுக்குப் பிளாஸ்டிக் சட்டை போடுகிறோம். சோப்பு நீரில் துகளைக் கலக்கி, பிளாஸ்டிக்காக மாறும் ஸ்டைரீன் திரவத்தைக் கையால் சொட்டுச் சொட்டாக விடவேண்டும். ஆக்சிஜன் புகுந்தால் சட்டை பிடிக்காது. அதனால் குடுவைக்குள் நைட்ரஜன் ஓடும். மிச்ச வாயு குழாய் வழியாக ஜன்னலுக்கு வெளியே போகும். பாதியில் எழுந்து போனால் எல்லாம் கட்டி தட்டிவிடும்.

எனக்கு வருடக்கணக்காகக் கட்டிதான் தட்டியது. கோ யா-யுன் சேர்ந்த முதல் பருவத்திலேயே காபி மாதிரி வழவழப்பாக எடுத்துவிட்டாள். பேராசிரியர் ஜியென் என் ஆய்வுத் தலைப்பைத் தூக்கி அவளிடம் கொடுத்தார். வயிறு எரிந்தது, மறைக்கவில்லை. ஆனால் நல்ல பெண். எனக்கு இறைச்சி உருண்டை சூப் வாங்கிவந்து, "கோவிச்சுக்காதீங்கண்ணே, கட்டுரையில உங்க பேரையும் சேத்துடறேன்" என்றாள். சேர்த்துவிடுவாளாம்.

மெஷின் மக்கர் பண்ணாமலிருக்க, இந்த ஊர் வழக்கப்படி அதன்மேல் பச்சை நிற நொறுக்குத்தீனிப் பொட்டலம் வைப்போம். வேறு நிறம் ஆகாது, தேதியும் தாண்டக்கூடாது. ஆக்சிஜன் குறைந்தால் கத்துகிற அலாரத்தின் மேலும் ஒன்று உண்டு.

அன்று காற்று பலமாக அடித்தது. குழாயை உள்ளே இழுத்துவிட்டு ஜன்னலைச் சாத்தினேன். நைட்ரஜனைத் தாராளமாகத் திறந்துவிட்டேன். அறை சின்னது.

எல்லோரும் சாப்பிடப் போனபிறகு எட்டிப் பார்த்தேன். சொட்டு விட்டுக்கொண்டிருந்தாள்.

"தலை லேசா சுத்துதுண்ணே."

"காலையில சாப்பிட்டிருக்க மாட்டே. முடியற வரைக்கும் எந்திரிக்காதே, கட்டி தட்டிடும்."

அவள் அலாரத்தைப் பார்த்துச் சிரித்தாள். "அது கத்தலையே. பச்சை வேற இருக்கு, எனக்கென்ன."

கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு வந்தேன்.

திரும்பிப் போனபோது தரையில் கிடந்தாள். ஜன்னலைத் திறந்து, காற்று வந்ததும், மிச்சமிருந்ததைச் சொட்டு விட்டு முடித்தேன். அவ்வளவு உழைப்பு வீணாகக்கூடாதே. அப்புறம்தான் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். துகள்கள் அருமையாக வந்திருந்தன. கட்டுரையில் அவள் பெயரையும் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்.

விசாரணை அறிக்கையில் கவனக்குறைவு என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், ஐயா. அலாரத்தின் மேலிருந்த பொட்டலம் தேதி தாண்டியிருந்தது. அதைக்கூட அன்று காலை நான்தான் பார்த்து, எடுத்துவிட்டுப் புதிது வைத்தேன். பேட்டரியைக் கழற்றியதும் அப்போதுதான்.