தானாய்த் திரும்பிய கால்கள்

சகோதரிகளே... செவிலியர் தின விழாவுல, உங்ககிட்ட வந்து அன்பா இருங்கன்னு நான் சொல்லப் போறதில்லை. எனக்கு முன்னால பேசினவங்க எல்லாரும் அதைச் சொல்லிட்டாங்க. நீங்களும் கை தட்டிட்டீங்க. நான் ஒரு சின்னக் கதை வச்சிருக்கேன். டீ வர்றதுக்குள்ள முடிச்சிடுறேன்.

அப்ப நான் பாளையங்கோட்டையில இருந்தேன். முப்பது வயசு இருக்கும். இந்தத் தொந்தி அப்ப கிடையாது... நம்புங்க. எங்களுக்கு ஒரு ஓட்ட கிளப் இருந்துச்சு. கிளப்புன்னா பெருசா நினைச்சுக்காதீங்க. அஞ்சு பேரு. காலையில ஓட்டம், முடிச்சதும் சுக்கு காப்பி. அந்த சுக்கு காப்பி ருசி இப்பவும் நாக்குல நிக்குது.

எங்க கேப்டன் உலகநாதன். தபால் ஆபீஸ்ல கிளார்க்கு. ஓட ஆரம்பிச்சா அவனைக் கண்ணால பிடிக்க முடியாது. கடைசியில வர்றவர் ஜெபமணி அண்ணாச்சி. மின்வாரியத்துல வேலை, நல்ல கனமான உடம்பு. அவர் ஓடுறதும் நாம நடக்கிறதும் ஒண்ணுதான்.

அதனால உலகநாதன் ஒரு வழக்கம் வச்சிருந்தான். போற வழியில ஒரு வாட்டர் டேங்க் வரும். முன்னால ஓடுறவங்க அங்க போனதும் திரும்பணும். திரும்பி வந்து அண்ணாச்சியைச் சேத்துக்கிட்டு, அப்புறம் எல்லாரும் ஒண்ணா ஓடணும். மழை பெய்யுதா... திரும்பணும். ஆபீஸுக்கு லேட்டாயிடுச்சா... திரும்பணும். நாங்க முணுமுணுப்போம். ஆனா திரும்புவோம். வருஷக்கணக்கா திரும்பினோம்.

அந்த ஊர்ல வருஷா வருஷம் ஒரு ஓட்டப்பந்தயம் நடக்கும். ஏழைக் குழந்தைகளோட கண் ஆபரேஷனுக்கு நிதி சேக்கிற பந்தயம். அதுல டீமுக்குன்னு ஒரு கப்பு உண்டு. அஞ்சு பேர்ல முதல்ல வர்ற நாலு பேரைத்தான் கணக்குல எடுப்பாங்க. நாங்க எப்பவும் ரெண்டாவது. முதல்ல வர்றது யாரு? மில்லுக்காரங்க. எப்பவும் மில்லுக்காரங்க.

அந்த வருஷம் உலகநாதனுக்கு சேலத்துக்கு மாத்தல் வந்துடுச்சு. எங்களோட அவன் ஓடுற கடைசிப் பந்தயம் அது. அந்தக் கப்பு மேல அவனுக்கு அவ்வளவு ஆசை. போகும்போது கையில கப்போட போகணும்னு கிடந்தான்.

பந்தயத்தன்னைக்குக் காலையில ஜெபமணி அண்ணாச்சி எங்களைக் கூப்பிட்டாரு.

"ஏல, இன்னைக்கு ஒருத்தனும் எனக்காவத் திரும்பக் கூடாது. நான் என் பாட்டுக்கு வாரேன். நீங்க போயி கப்பைத் தூக்குங்க."

உலகநாதன் என்ன சொன்னான்? "சரி அண்ணாச்சி, இன்னைக்குத் திரும்பல"ன்னான். அடிச்சுச் சொன்னான்.

விசில் ஊதியாச்சு... ஓடுறோம். முன்னால உலகநாதன். அவன் முதுகையே பாத்துக்கிட்டு நாங்க மூணு பேரு. மில்லுக்காரங்க எங்களுக்குப் பின்னால. ஆமா, பின்னால! பந்தயம் போற ரோடும் நாங்க தினம் ஓடுற அதே ரோடுதான். வாட்டர் டேங்க் வந்துச்சு...

உலகநாதன் திரும்பிட்டான்.

சிரிக்கிறீங்க. அவனைப் பாத்து நாங்க மூணு பேரும் திரும்பிட்டோமே, அதுக்கு என்ன சொல்றீங்க? எதிர்ல வந்த மில்லுக்காரன் ஒருத்தன் கேக்கிறான், "என்ன சார், அதுக்குள்ள முடிச்சிட்டீங்களா?"

அதைக் கேட்டதும்தான் உலகநாதனுக்குச் சுரீர்னுச்சு. அப்படியே நின்னுட்டான். "என்னல செஞ்சிட்டேன்"ன்னான். எங்க காஜா மைதீன் அவன் கையைப் பிடிச்சு இழுக்கிறான். "இப்ப ஓடினாலும் அவங்களைப் பிடிச்சிரலாம்டே, வா."

உண்மைதான், பிடிச்சிருக்கலாம். ஆனா அந்த நேரம் தூரத்துல ஒரு வேன் தெரிஞ்சது. ஓட முடியாதவங்களை ஏத்திட்டு வர்ற வேன். ஜெபமணி அண்ணாச்சி அதோட படியில ஒரு காலை வச்சிட்டாரு. ஒவ்வொரு வருஷமும் அவர் அந்த வேன்லதான் வந்து இறங்குவாரு. ஒரு தடவைகூட ஓடி முடிச்சதில்லை.

உலகநாதன் அந்தப் பக்கம் பாத்தான்... மில்லுக்காரங்க. இந்தப் பக்கம் பாத்தான்... வேன்.

"வந்தது வந்தாச்சு. அண்ணாச்சியைக் கூட்டிட்டுப் போயிருவோம்."

அண்ணாச்சி எங்களைத் திட்டின திட்டு இருக்கே! "கூறுகெட்டவனுகளா, கப்பை விட்டுட்டா வந்திய?" திட்டிக்கிட்டே ஓடினாரு, அழுதுக்கிட்டே ஓடினாரு. நாங்க போய்ச் சேந்தப்ப பந்தலைப் பிரிச்சுக்கிட்டிருந்தாங்க. அஞ்சு பேரும் கையைக் கோத்துக்கிட்டு அந்தக் கோட்டைத் தாண்டினோம். அதுக்கப்புறம் நாங்க அஞ்சு பேரும் சேந்து ஓடவே இல்லை. 

பந்தயம் நடத்தினவர் ஓடி வந்து உலகநாதனைக் கட்டிக்கிட்டாரு. "எவ்வளவு பெரிய மனசுய்யா உமக்கு!"

உலகநாதன் தலையைக் குனிஞ்சுக்கிட்டே சொன்னான். "மனசெல்லாம் இல்ல சார். மனசு பூரா கப்புதான் இருந்துச்சு. கால்தான் திரும்பிட்டு. திரும்பின பெறவு அண்ணாச்சியைப் பாத்துட்டேன்... பாத்த பெறவு எப்படி சார் விட்டுட்டுப் போறது?"

சகோதரிகளே, இதைத்தான் உங்ககிட்ட சொல்ல வந்தேன். டியூட்டி முடியப் போற நேரம். கால் கடுக்குது. வீட்டுல பிள்ளைக்குக் காய்ச்சல். அப்ப வார்டுல யாரோ தண்ணி கேக்கிறாங்க. அந்த நேரம் மனசுல அன்பு இருக்குமா? இருக்காதும்மா. மனுஷ மனசு அப்படித்தான். அன்பு வரட்டும், அப்புறம் போறேன்னு காத்திருந்தா அவங்க தாகத்தோட தூங்கிடுவாங்க.

அதனால அன்பை மனசுல வச்சுக்காதீங்க. அது அங்க நிக்காது. கால்ல வைங்க. கையில வைங்க. பிடிக்குதோ பிடிக்கலையோ, தினமும் அந்தக் கட்டில் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பழகுங்க. மனசு வராத அன்னைக்கும் கால் உங்களை அங்க கொண்டுபோய் நிறுத்திடும். அங்க போய் அந்த முகத்தைப் பாத்துட்டீங்கன்னா... அப்புறம் நீங்களே நினைச்சாலும் விட்டுட்டு வர முடியாது.