பரவாயில்லைக்கு எத்தனை மதிப்பெண்

ஜூன் 12, வியாழன்.

சென்ற வாரக் குறிப்பில் அமர்வு எண்ணைப் பதினொன்று என்று எழுதியிருக்கிறேன். பத்து என்பதே சரி. திருத்திவிட்டேன்.

தகட்டு ஆலையில் அடிபட்டவர்களை மனம் தேற்றி மறுபடி வேலைக்கு அனுப்பும் ஆலோசனை அறையில் நான் பயிற்சியில் இருக்கிறேன். மாலையில் அதற்கான வகுப்பு. என்னிடம் வந்த முதல் ஆள் பிரஸ் மெஷின்காரர்; இடது கையில் இரண்டு விரல் போனவர். வாராவாரம் அவருடைய பயம் பத்துக்கு எத்தனை என்று கேட்டு எழுத வேண்டும். மூன்றுக்குக் கீழே வந்தால் வேலைக்குப் போகலாம். ஒருவரையாவது அப்படி அனுப்பினால்தான் எனக்குச் சான்றிதழ்.

ஒன்பது வாரமும் எட்டிலேயே நின்றார். என் முறையில்தான் கோளாறோ என்று பக்கம் பக்கமாக எழுதிப் பார்த்தேன். எரிச்சல்தான் மிஞ்சியது.

"கால்மிதிய மிதிக்காமலே மெஷின் இறங்குது தங்கச்சி. மூச்சுப் பயிற்சிய எனக்கு எதுக்குச் சொல்றீங்க, அந்த மெஷினுக்குச் சொல்லிக் கொடுங்க."

"அது உங்க மனசு பண்ற வேலைண்ணே."

ஐயம் தீர ஆலைக்குள் போய்ப் பார்த்தேன். மிதியில் யார் காலும் இல்லை. மெஷின் இறங்கியது. சற்று நின்று, மறுபடி இறங்கியது. நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பழுது பார்த்துவிடுவார்கள். அவர் வேலைக்குத் திரும்பியது என் சிகிச்சையால் என்று ஆகாது.

பத்தாவது அமர்வில், "இப்ப எப்படி இருக்கு?" என்றேன்.

எழுந்துகொண்டார். "பரவாயில்ல, விடுங்க."

தேவலை என்று சொல்லும் பரவாயில்லை ஒன்று உண்டு. உன்னிடம் பேசிப் பயனில்லை என்று சொல்லும் பரவாயில்லை வேறு. எனக்கு வித்தியாசம் தெரியும். இரண்டு என்று எழுதினேன். 'விடுங்க' என்பதை எழுதவில்லை.

திங்களன்று வேலைக்குப் போனார். நேற்று வலது கை மணிக்கட்டோடு போய்விட்டது. இன்று அவர் மனைவி வந்து, "மெஷின் சரியில்லன்னு உங்ககிட்ட சொன்னாராமே?" என்றார்.

"பயத்துல சொன்னாருக்கா."

பக்கத்து மெஷின்காரர் சொல்வதைப் பார்த்தால், கொஞ்சமும் தயங்காமல் கையை உள்ளே நீட்டினாராம். அது இறங்கும் என்று தெரிந்தே அனுப்பினேன், மறுக்கவில்லை. ஆனால் பயம் போயிருந்தது. அந்த அளவில் சிகிச்சை பலித்திருக்கிறது.

நாளை காலை பத்து மணி: அதே மெஷினில் நிற்க மறுக்கும் மாற்று ஆளுக்கு முதல் அமர்வு. படிவம் இரண்டு நகல் எடுக்க வேண்டும்.