சந்திரலேகா சிரிக்கும் படம்

மழைக்காலத்தில் லென்ஸ் துடைக்கப் பழைய வேட்டித் துணியைப் போல ஒன்று கிடையாது. கடையில் பெட்டி போட்டு விற்கிற துணி ஈரத்தை இடம் மாற்றுமே தவிர எடுக்காது. அதனால் ஒரு வேட்டித் துண்டு எப்போதும் என் சட்டைப் பையில் இருக்கும். அன்றைக்கு மட்டும் இல்லை. நனைந்த சட்டையோடு போகவேண்டாம் என்று என் மனைவி காயத்ரி வேறு சட்டை எடுத்துக் கொடுத்தாள், துணி பழைய சட்டையிலேயே தங்கிவிட்டது. நடந்ததற்கெல்லாம் அந்தச் சட்டைதான் காரணம் என்று கொஞ்ச காலம் நம்பிக்கொண்டிருந்தேன். என் புத்தி அந்த அளவில்தான் வேலை செய்யும்.

நீ கேட்டது சட்டையைப் பற்றி அல்ல, ஜூலி, தெரியும். உன் செல்போனை என் ஸ்டாண்டிலேயே மாட்டி, என் ஸ்டூடியோ நாற்காலியிலேயே என்னை உட்கார வைத்திருக்கிறாய். பின்னால் நீலத் திரை. பாஸ்போர்ட் சைஸ் படத்துக்காகச் சிதம்பரத்தில் பாதிப்பேர் இந்த நாற்காலியில் உட்கார்ந்து, ‘ஸ்ரீதர் சார், சிரிக்கலாமா?’ என்று என்னிடம் அனுமதி கேட்டிருக்கிறார்கள். இன்றைக்கு என் முறை.

வைத்திலிங்கம் மாமாவுக்கு இடது கண் போய்விட்டது. வலது கண்ணில் புரை முற்றிக்கொண்டிருக்கிறது. ஆபரேஷன் செய்தால் பார்வை கிடைக்கும் என்கிறார் டாக்டர். மாமா மாட்டேன் என்கிறார். “அந்தக் கண்ணு மருந்துக்காகத்தான் என் பொண்டாட்டி செத்தா. எனக்கு எதுக்கு இன்னொரு கண்ணு?” என்கிறார். அவர் மனைவி சந்திரலேகா எதற்காகச் செத்தார் என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர், உன் அண்ணன் லூர்துநாதனும் நானும். லூர்து உன்னிடம் சொல்லிவிட்டான். மாமாவிடமும் போய்ச் சொல்லியிருக்கிறான். மாமா நம்பவில்லை. “அந்தப் போட்டோக்காரத் தம்பி புண்ணியவான்யா, அவரப் போயி சொல்லாத” என்று விரட்டிவிட்டாராம். அதனால்தான் என் வாயாலேயே சொல்லவைத்து அவருக்குப் போட்டுக் காட்ட நீ வந்திருக்கிறாய். சொல்கிறேன். எனக்கு மறைக்க ஒன்றும் இல்லை, மறைக்க வேண்டியதையெல்லாம் எப்போதோ மறைத்து முடித்துவிட்டேன்.

முதலில் என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். கல்யாண மண்டபத்தில் போட்டோகிராபரை மீறி எதுவும் நடக்காது. ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டே ஓரக்கண்ணால் என்னைப் பார்ப்பார். நான் தலையசைத்தால்தான் கெட்டிமேளம். தாலி கட்டும்போது எவராவது குறுக்கே கையை நீட்டி மறைத்துவிட்டால், மாப்பிள்ளையை மறுபடி குனியச் சொல்வேன். கட்டிய தாலியைக் கட்டுவதுபோல மறுபடி பிடிப்பான், பெண்ணும் மறுபடி தலை குனிவாள், அட்சதை மறுபடி விழும். கோடீஸ்வரனும் போலீஸ் அதிகாரியும் என் ஒரு விரலுக்கு இடதும் வலதும் நகர்வார்கள். எட்டு முழ வேட்டி கட்டிய பெரியவர்களைக்கூட ‘தாடையை இறக்குங்க’ என்று சொல்லிப் பழகியவனுக்கு, தான் யார் என்பது கொஞ்சம் மறந்துபோகும்.

மாமாவின் மகள் ஸ்ரீமதியின் கல்யாணம் புவனகிரியில் நடந்தது. நான்தான் படம். தாரை வார்க்கும்போது தண்ணீர் விழுகிற கோடு படத்தில் விழவில்லை. மறுபடி வார்க்கச் சொன்னேன். அப்போது யாரோ தும்மினார்கள். மூன்றாவது தடவையும் வார்க்கச் சொன்னேன். ஒரே மகளை மூன்று தடவை தாரை வார்த்த மனிதர் அந்த மூன்றாவது தடவை அழுதுவிட்டார். ஆல்பத்தில் அந்தப் படம்தான் நன்றாக வந்தது, அவர்களும் அதைத்தான் பெரிதாக்கிக் கூடத்தில் மாட்டினார்கள்.

போன கார்த்திகையில் மாமா ஊர்ப் பக்கம் வெள்ளாற்றுக் கரை உடைந்தது. உன் அண்ணன் கடலூரிலிருந்து பைபர் படகை லாரியில் ஏற்றிக்கொண்டு, உங்கள் சர்ச் ஆட்களோடு வந்து இறங்கினான். நானும் போனேன். மனிதாபிமானம் என்று எல்லாரிடமும் சொன்னேன். கல்யாணங்களை மழை தள்ளிப்போட்டுவிட்டதால் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன் என்பதை யாரிடமும் சொல்லவில்லை.

பள்ளிக்கூடத்தில் முகாம். தொண்டர்கள் சோறு போட்டார்கள். தட்டில் சோறு விழுகிற நேரத்தை நான் தவறவிட்டேன். ‘இன்னொரு தடவ வைங்க’ என்றேன். வைத்த சோற்றை எடுத்து மறுபடி வைத்தார்கள். பசியோடு வரிசையில் நின்ற பட்டம்மாள் என்கிற பெண் மறுபடி தட்டை நீட்டி, “சிரிக்கணுமா, அழுவணுமா, சொல்லிடுங்க” என்றாள். ‘சும்மா பாருங்க’ என்றேன். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைத்தது என்னவோ, ஜன்னல் வெளிச்சம் அவள் முகத்தில் ஒரு பக்கம்தான் விழுகிறது என்பது. தட்டோடு அவளைக் கொஞ்சம் திரும்பி நிற்கச் சொன்னேன்.

மறுநாள் காலை படகு கிளம்பியது. லூர்துவுக்குத் துணையாகப் போக நீச்சல் தெரிந்த ஒரு ஆள் ஏறியிருந்தார். அவரை இறக்கிவிட்டு நான் ஏறினேன். அவருக்கு நீச்சல் தெரியும் என்றால் எனக்கு வெளிச்சம் தெரியும். ஒரே ஒரு லைப் ஜாக்கெட்தான் இருந்தது. அதைக் கேமரா பையைச் சுற்றி நன்றாக இறுக்கிக் கட்டினேன். லூர்து ஒரு தடவை அதைப் பார்த்தான்.

தெருவின் கடைசி வீடு மாமாவுடையது. இடது கண் ஆபரேஷன் ஆன சூட்டோடு வெள்ளம் வந்ததால் அவரை முந்தின நாளே முகாமுக்கு அனுப்பியிருந்தார்கள். ஆடுகளை மேட்டுக்கு ஓட்டிவிட்டு வருகிறேன் என்று பின்தங்கிய சந்திரலேகா அத்தை மாட்டிக்கொண்டார். நாங்கள் போனபோது கொல்லைப்பக்கக் குளியலறையின் மேல்தளத்தில் நின்றிருந்தார். களிமண் பூச்சில் கட்டிய சுவர், மேலே சிமெண்ட் தளம். லூர்து படகை ஒட்டிப் பிடித்து, அத்தை கையைப் பற்றி இறக்கினான். படகில் உட்கார்ந்ததும் அத்தை இடுப்பு மடியைத் தடவிப் பார்த்தார்.

“மருந்து பத்திரமா இருக்குது. அவரு கண்ணுக்கு வுடற சொட்டு மருந்து. இல்லன்னா மனுசன் என்னையத் தின்னுடுவாரு” என்றார்.

இந்த இடத்தை மாமா கவனமாகக் கேட்கவேண்டும், ஜூலி. மருந்து மடியில் இருந்தது. அத்தை படகில் இருந்தார். படகு திரும்பிவிட்டது. ரோட்டில் நின்றவர்கள் தூரத்திலிருந்து பார்த்துக் கையசைத்தார்கள். அவரைக் காப்பாற்றி முடித்துவிட்டோம்.

அத்தையை ஏற்றும்போது எடுத்த படத்தைக் கேமராவில் பார்த்தேன். திரை முழுக்க வெள்ளை. லென்ஸில் ஈரம் படிந்திருந்தது, துடைக்கத் துணி இல்லை. மாற்றுச் சட்டையின் நுனியால் துடைத்துக்கொண்டே, “லூர்து, இன்னொரு தடவ” என்றேன்.

“என்னாது இன்னொரு தடவ?”

“ஏத்துறது.”

“அண்ணே, வெளையாடாதீங்க. இழுப்பு ஜாஸ்தியா இருக்குது. செவுரு ஊறிக் கெடக்குது.”

அவனிடம் நான் வாதாடவில்லை. மாப்பிள்ளை முரண்டு பிடித்தால் பெண்ணின் அம்மாவிடம் பேசவேண்டும் என்பது என் தொழிலில் பால பாடம். “அத்த, ஒரே ஒரு போட்டோ. இதப் பார்த்து நாலு பேரு உதவி அனுப்புவாங்க” என்றேன்.

அத்தை சிரித்தார். “படகத் திருப்புப்பா. இவரு வுடமாட்டாரு. எங்க ஸ்ரீமதி கல்யாணத்துல எங்க ஊட்டுக்காரர மூணு தடவ தாரை வாக்க வெச்சவராச்சே.”

லூர்து திருப்பினான். அத்தை மறுபடி தளத்தில் ஏறினார். முந்தானையைச் செருகி, முகத்தைத் துடைத்துக்கொண்டு, பொட்டு இருக்கிறதா என்று என்னிடமே கேட்டார். இருக்கிறது என்றேன். லூர்து கையைப் பிடித்தான், நான் எடுத்தேன், படம் தெளிவாக வந்தது.

அதோடு விட்டிருக்கலாம். கௌரவமான ஒரு முட்டாள் அதோடு விட்டிருப்பான். எனக்கோ, கோத்துக்கொண்ட கையில் கதை முடிந்துவிடுகிறதே என்று பட்டது. நீட்டிய இரண்டு கைகளுக்கு நடுவில் ஒரு சாண் இடைவெளி இருந்தால் பார்க்கிறவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பான். “லூர்து, கைய வுடு. படகக் கொஞ்சம் பின்னால வாங்கு. ரெண்டு பேரும் சும்மா நீட்டுங்க” என்றேன். உன் அண்ணன் தயங்கினான். அத்தைதான், “வுடுப்பா, நான் நிப்பேன்” என்றார். அவன் விட்டான். படகு பின்வாங்கியது. அத்தை என்னைப் பார்த்து, “இதோட மூணாச்சு. நாலாவதும் உண்டா?” என்று கேட்டுச் சிரித்தார். படத்தில் இருப்பது அந்தச் சிரிப்புதான்.

பிறகு சுவர் அப்படியே உட்கார்ந்தது. பெரிய சத்தமில்லை. தளத்தோடு அத்தையும் தண்ணீருக்குள் போனார். லூர்து குதித்தான். நான் என்ன செய்தேன் என்று நீ கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். பொத்தானிலிருந்து விரலை எடுக்கவில்லை. கேமரா தானாக எடுத்துக்கொண்டே இருந்தது. பிறகு மழையில் நனையுமே என்று கேமராவைப் பைக்குள் வைத்து மூடினேன். அதற்குப் பிறகுதான் பையிலிருந்து லைப் ஜாக்கெட்டை அவிழ்க்கத் தொடங்கினேன். நானே போட்ட முடிச்சு. ஒரு வேலையையாவது உருப்படியாகச் செய்திருந்தேன். நான் அதை எறிந்தபோது பிடித்துக்கொள்ளத் தண்ணீரில் அத்தை இல்லை.

ரோட்டுக்கு வந்தோம். மாமா ஒரு கண்ணில் கட்டோடு நின்றிருந்தார். “ஏறிட்டான்னு சொன்னாங்களே தம்பி. ஏறுனவ அப்பறம் ஏன் எறங்குனா?” என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. லூர்து படகைக் கரையில் இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான். நான் சொன்னேன்: “ஒங்க கண்ணு மருந்த மறந்துட்டாங்களாம் மாமா. எடுத்தே ஆவணும்னு எறங்கிட்டாங்க.”

எனக்கே ஆச்சரியமாக இருந்தது. நான் திட்டமிடவில்லை, ஒத்திகை பார்க்கவில்லை. என் வாழ்க்கையில் இரண்டாவது தடவை தேவைப்படாமல் முதல் தடவையே சரியாக வந்தது அது ஒன்றுதான். மறுநாள் கருவேலம் புதரில் அத்தை கிடைத்தார். மடியில் மருந்துக் குப்பி முடிந்தபடியே இருந்தது. மருந்தை எடுத்துக்கொண்டு திரும்பும்போது போய்விட்டார் என்று ஊரே என் பொய்க்குச் சாட்சி சொன்னது.

லூர்துவிடம், “கைய வுட்டது நீதான்னு ஊரு சொல்லும். நான் பாத்துக்குறேன், பேசாம இரு” என்றேன். கையை விட்டது அவன்தானே. விடச் சொன்னது யார் என்பதை மட்டும் நான் சேர்த்துக்கொள்ளவில்லை. அவன் அதற்கப்புறம் படகைத் தொடவில்லை என்று நீ சொன்னாய். எனக்கு அது தெரியாது. தெரிந்துகொள்ள நான் போகவில்லை.

தண்ணீர் வடிந்ததும் தொண்டர்கள் வீடு வீடாகச் சேறு அள்ளினார்கள். அதையும் எடுத்தேன். மண்வெட்டியை எந்தப் பக்கம் பிடிக்கவேண்டும் என்று அவர்களுக்கு நான் சொல்லிக்கொடுத்தேன். ஒரு பிடிச் சேறு அள்ளவில்லை. பிறகு கடலூர் மஞ்சக்குப்பத்தில் போட்டோ கண்காட்சி. அத்தை படத்துக்கு முதல் பரிசு. அந்த ஒரு சாண் இடைவெளியில்தான் மனிதகுலத்தின் நம்பிக்கை இருக்கிறது என்று நடுவர் பேசினார். நான் மேடையில் தலை குனிந்து நின்றேன். அடக்கம் என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

மாமா அந்தக் குப்பியைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தார், கண்ணில் விடவில்லை. டாக்டர் கொடுத்த வேறு குப்பியையும் தொடவில்லை. கண் சிவந்து, சீழ் பிடித்துப் போனது. ‘மருந்து போடுங்க மாமா’ என்று நான் பலமுறை போய்ப் புத்தி சொன்னேன். பழம்கூட வாங்கிக்கொண்டு போனேன். ஒரு வரி சொல்லியிருந்தால் அன்றைக்கே போட்டிருப்பார். அதைத் தவிர எல்லாம் சொன்னேன்.

ஒருநாள் இங்கே வந்து அத்தை படம் ஒன்று பெரிதாக வேண்டும் என்றார். போட்டுக் கொடுத்தேன். முகத்துக்கு ஒட்டிப் பிடித்துப் பார்த்தார். தெரியவில்லை. “சிரிக்கிறாளா தம்பி?” என்று கேட்டார்.

“நல்லா சிரிக்கிறாங்க மாமா.”

“எதுக்கு சிரிக்கிறா?”

“ஒங்கள நெனச்சுத்தான் இருக்கும்” என்றேன்.

அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அந்த ஈரம் என் கையிலேயே இருக்கிறது. வெட்கமாக இருந்தது, ஜூலி. ஆனாலும் அந்தப் படத்தைச் சுவரிலிருந்து கழற்றவில்லை, இதோ எனக்குப் பின்னால் திரைக்கு அந்தப் பக்கம்தான் மாட்டியிருக்கிறது.

மாமா, இனி உங்களிடம். அத்தை மருந்துக்காக இறங்கவில்லை. மருந்து அவர் மடியிலேயே இருந்தது. படகில் ஏறிவிட்டவரை ஒரு படத்துக்காக நான்தான் இறக்கினேன். பிடித்த கையை நான்தான் விடச் சொன்னேன். அத்தையை நான்தான் கொன்றேன். உங்கள் மேல் பழியைப் போட்டு உங்கள் கண்ணையும் எடுத்துக்கொண்டேன். அத்தை சிரித்தது உங்களை நினைத்து அல்ல, என்னைப் பார்த்து. லூர்து சொன்னதெல்லாம் உண்மை. நீங்கள் ஆபரேஷனுக்குப் போங்கள்.

அவ்வளவுதான், ஜூலி. இரு, நிறுத்தாதே. ‘கொன்றேன்’ என்கிற இடத்தில் வெளியே பஸ்காரன் ஹாரன் அடித்துவிட்டான், அந்த வார்த்தை விழுந்திருக்காது. மாமாவுக்கு என் முகம் தெரியாது, குரலை வைத்துத்தான் நம்பவேண்டும். நாற்காலியை இப்படிக் கொஞ்சம் திருப்பிக்கொள்கிறேன், ‘இனி உங்களிடம்’ என்பதிலிருந்து இன்னொரு தடவை எடுத்துவிடுவோம். இந்தத் தடவை எனக்கு அழுகையும் வரும்போலிருக்கிறது.