சக்கரம் வைத்த வீட்டின் குறைகள்

காற்றின் விலை முந்நூற்றைம்பது ரூபாய். இரண்டு ஓட்டை, மூடி போட்டு, கொசுவலை அடித்து, பெயின்ட் பூசி. எட்டயபுரம் ரோட்டில் டிராக்டர் டிரெய்லர் செய்கிற சிவனாண்டி சொன்ன விலை அது. இரண்டுமே வேண்டாம் என்று நான் சொல்லிவிட்டேன். அங்கிருந்து ஆரம்பித்தால்தான் உங்களுக்கு விளங்கும்.

வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டீர்கள். டயரை உதைத்தீர்கள், குனிந்து அச்சைத் தட்டினீர்கள், உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்தும் பார்த்தீர்கள். குளத்தூர் உப்பளத்தில் காவல்காரன் படுக்க இழுத்துக்கொண்டு போகிற மாதிரி ஒரு வீடு வேண்டும் என்கிறீர்கள். நல்ல யோசனைதான். ஆனால் எங்கள் பக்கத்து மாட்டுச் சந்தையில் ஒரு வழக்கம் உண்டு. விலை பேசுவதற்கு முன்னால் மாட்டின் குறையை விற்கிறவன் தன் வாயால் சொல்லிவிட வேண்டும். முட்டுமா, படுத்துக்கொள்ளுமா, சுழி எங்கே இருக்கிறது, எல்லாம். சொல்லி விற்ற மாடு திரும்பி வராது. மறைத்து விற்றால் ஆறு மாதம் கழித்துக்கூட வாசலில் கொண்டுவந்து கட்டிவிட்டுப் போவார்கள். நான் தீப்பெட்டிக்காரன், மாட்டுக்காரன் அல்ல. இருந்தாலும் அந்த வழக்கம் எனக்குப் பிடிக்கும்.

இதை ஆசைப்பட்டுச் செய்தவன் என் மனைவி ராமலட்சுமியின் தம்பி சாமித்துரை. கப்பலில் பதினைந்து வருடம் எஞ்சின் பார்த்தவன். பனி பெய்கிற துறைமுகங்களில் வெள்ளைக்காரர்கள் காருக்குப் பின்னால் ஒரு சின்ன வீட்டை மாட்டிக்கொண்டு, ரோடே இல்லாத காட்டுக்குள் போய்க் குளிரில் படுத்துக் கிடப்பதைப் பார்த்திருக்கிறான். வீடில்லாமல் குளிரில் படுப்பவனை நானும் பார்த்திருக்கிறேன். வீட்டைக் கையோடு இழுத்துக்கொண்டு போய்ப் படுப்பவனைப் பற்றி அவன் சொல்லித்தான் கேள்விப்பட்டேன்.

"குளிரக் காசு குடுத்து வாங்கணும் அத்தான். நம்ம ஊர்ல வெயிலு சும்மா கெடைக்குது, அதான் ஒருத்தனும் மதிக்க மாட்டேங்கான்" என்பான்.

காசு என்று அவன் சொன்னது என் மாமனார் வைத்துவிட்டுப் போன தீப்பெட்டி ஆபீஸை, அதாவது தீப்பெட்டித் தொழிற்சாலையை. அதில் பாதி அவனுக்கு, பாதி எனக்கு. கப்பலில் இருந்தவரை தன் பாதி எங்கே என்று அவன் கேட்டதில்லை, நானும் காட்டியதில்லை. இரண்டாயிரத்து ஒன்றில் ஊர் திரும்பியவன், பங்கைப் பிரித்துக் கொடுங்கள், கொடைக்கானலில் இதே மாதிரிப் பத்து வண்டி செய்து வாடகைக்கு விடப்போகிறேன் என்றான். மருந்து முக்குகிற கொட்டகை உனக்கு, குச்சி காயப் போடுகிற களம் எனக்கு என்று ஆபீஸைப் பிரிக்க முடியாது. விற்றுத்தான் கொடுக்க வேண்டும். இருபது வருடத்துக்கு மேல் நான் கட்டிக் காத்த ஆபீஸ். சாமித்துரை கல்யாணம் ஆகாதவன். தாய் தகப்பன் இல்லை. அவனுக்கு வாரிசு என்றால் அக்கா ஒருத்திதான். இதை ஒரு தகவலுக்காகச் சொல்கிறேன்.

நான் மறுக்கவில்லை. முதலில் ஒன்று செய்து பார்ப்போம், ஓடினால் பத்து, இந்த ஒன்று என் செலவு என்றேன். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. அத்தானைத் தப்பாக நினைத்துவிட்டேன் என்று அக்காவிடம் சொன்னானாம்.

அவன் வரைந்த படத்தில் கீழே ஒன்று, கூரையில் ஒன்று என்று காற்றுப் போக இரண்டு ஓட்டைகள் இருந்தன.

"அண்ணாச்சி, தம்பி படத்துல தெளிவாப் போட்டிருக்காவ. கட்டாயம் வேணும்னு சொல்லுதாவ" என்றார் சிவனாண்டி.

"குளிருக்குப் போற வண்டியில ஓட்டை எதுக்குய்யா? போர்வைய வாங்கி நடுவுல கிழிச்சுட்டுப் போத்துவீரா?"

சிவனாண்டி படத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டார். பேரம் என்பது சரியானதைச் சொல்வது அல்ல, எதிராளிக்குப் பதில் இல்லாமல் செய்வது. கதவும் அப்படித்தான் அமைந்தது. உள்தாழ்ப்பாள் வைத்துப் புதுக் கதவு செய்தால் தனி விலை. பட்டறையில் ஒரு குடோன் கதவு வெளித்தாழ்ப்பாளோடு சும்மா கிடந்தது. அதை மாட்டச் சொன்னேன்.

சாமித்துரை வந்து பார்த்துவிட்டுச் சிரித்தான். "மூச்சு விடுததுக்கும் தள்ளுபடி கேட்டுட்டீங்களே அத்தான்." பிறகு சன்னலைத் திறந்து மூடிப் பார்த்து, படுக்கும்போது இது ஒரு சாண் திறந்திருந்தால் போதும் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டான். நல்ல பையன். யாரோடும் மல்லுக்கு நிற்கத் தெரியாது.

காடுமேடெல்லாம் ஓடுமா என்று பார்க்க, வண்டியை என் ஜீப்பில் மாட்டி இடைசெவல் பக்கம் கரிசலில் இறக்கினோம். முந்தின நாள் மழை. கரிசல் மண் ஈரத்தில் எப்படி என்று கப்பல்காரனுக்கு மறந்துபோயிருந்தது. சக்கரம் சுற்றச் சுற்ற மண் அப்பிக்கொண்டே வந்து, கடைசியில் மட்கார்டை அடைத்துக்கொண்டு நின்றுவிட்டது. ஜீப் இழுக்கிறது, வீடு வரமாட்டேன் என்கிறது. பக்கத்துக் காட்டில் களையெடுத்துக்கொண்டிருந்த பெத்தம்மாள் கரைக்கு வந்து இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள்.

"ஏய்யா, வீட்டு வரி கட்டலேன்னு ஜப்தி பண்ணிட்டுப் போறியளோ?"

சாமித்துரைக்குச் சிரித்துச் சிரித்துப் புரை ஏறிவிட்டது. கடப்பாறையால் மண்ணைக் கெல்லி எடுத்து, ஒரு டிராக்டரைக் கூப்பிட்டு இழுத்துக் கரையேற்றினோம். அச்சு வளையவில்லை. இழுவைக்கு இன்றைக்கும் நான் உத்தரவாதம்.

டிசம்பரில் கொடைக்கானலுக்குப் போனோம். வத்தலக்குண்டைத் தாண்டி மலை ஏறும்போது ஒவ்வொரு வளைவிலும் வண்டி ஜீப்பைப் பின்னால் பிடித்து இழுத்தது. பூம்பாறைக்கு மேலே ரோட்டை விட்டு இறங்கி, புல்வெளியில் கல்லையும் குழியையும் ஏறிக் கடந்து ஓடைக் கரையில் நிறுத்தினோம். அங்கே ஆளும் இல்லை, கடையும் இல்லை. சாமித்துரை கையை விரித்துக்கொண்டு நின்றான். அவன் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. நான் குரங்குக் குல்லாவுக்கு மேல் துண்டைக் கட்டிக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மத்தியானம் மழைச் சாரலும் மூடுபனியும் சேர்ந்து இறங்கின. ஓடையில் குளித்ததில் அவனுக்குக் காய்ச்சல் வந்திருந்தது. ரசஞ்சோறு சாப்பிட்டுவிட்டு, நம் ஊர்க்காரர்கள் எங்கே போனாலும் விடாத மத்தியானத் தூக்கத்துக்குப் படுத்தான். உடம்பு உதறியது.

"அத்தான், சட்டியில கொஞ்சம் கரி போட்டு உள்ள வைங்க. சன்னலை மட்டும் சாத்திராதீங்க."

"சாத்தல மாப்ளே. நீ தூங்கு."

கரி நான் ஊரிலிருந்து கொண்டுபோனது. வேலிக்கருவைக் கரி, புகையே வராது. கங்கு நன்றாகக் கனிந்த பிறகு கட்டில் ஓரம் வைத்துவிட்டு இறங்கினேன். சாரல் சன்னல் வழியாக உள்ளே அடித்தது. மெத்தை புதிது, நனைந்தால் கெட்டுவிடும். வெளியே நின்றபடி சன்னலைத் தள்ளிச் சாத்தினேன். கதவு காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. அவன் தூக்கம் கெடக் கூடாதே என்று தாழ்ப்பாளைப் போட்டேன். பிறகு ஜீப்பில் போய் உட்கார்ந்து முறுக்குத் தின்றேன்.

கொஞ்ச நேரம் கழித்துக் கதவு தட்டுகிற மாதிரிச் சத்தம் கேட்டது. காற்று என்று நினைத்தேன். காற்றென்றால் ஜீப்பின் படுதாவும் ஆட வேண்டும். அது ஆடவில்லை. அதையும் கவனித்தேன். பிறகு சத்தம் நின்றுவிட்டது.

சாயங்காலம் தாழைத் திறந்தபோது அவன் கதவடியில் கிடந்தான். நனைந்த புல்லில் ஜீப் ஏறாது என்று நாலைந்து மைல் நடந்துபோய் நான்தான் ஆள் கூட்டி வந்தேன். கரிச்சட்டி இப்படிச் செய்யும் என்று எனக்குத் தெரியாதே என்று போலீஸில் அழுதேன். "கீழ இருந்து வர்றவங்களுக்குக் குளிரும் தெரியாது, நெருப்பும் தெரியாது" என்றார் எழுதிக்கொண்டிருந்தவர். தீப்பெட்டி ஆபீஸ்காரனைப் பார்த்து நெருப்பு தெரியாது என்றார். நான் தலையாட்டினேன்.

உங்களிடம் அப்படிச் சொல்ல முடியாது. விளாத்திகுளம் பக்கம் எனக்கு விறகைச் சுட்டுக் கரியாக்குகிற கரிமூட்டம் உண்டென்று உங்களுக்கே தெரியும். ஒரு ஐப்பசி அடைமழையில் அங்கே காவலுக்கு இருந்த மாடக்கண்ணு, கங்குச் சட்டியை அறைக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தான். காலையில் அவன் எழுந்திருக்கவில்லை. அவன் பெண்டாட்டிக்கு நான்தான் பணம் கொடுத்து அனுப்பினேன். ஆகவே மூடிய அறைக்குள் கரி புகையில்லாமலே மூச்சை நிறுத்திவிடும் என்பதைச் சாமித்துரை கப்பலில் படித்திருந்தான். நான் நேரில் பார்த்திருந்தேன்.

ஊரில் எல்லாரும் எனக்காகத்தான் பரிதாபப்பட்டார்கள். ராமலட்சுமி மட்டும், பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தல் பிரிக்கும்போது, பாத்திரத்தை எண்ணிக்கொண்டே கேட்டாள்.

"தூக்கத்துல போனவன் கதவடியில எப்படிக் கெடந்தான்?"

"உருண்டிருப்பான்."

"கட்டிலு ஒரு மூலை, கதவு ஒரு மூலை. நடுவுல கங்குச் சட்டி. அதையும் தாண்டி உருண்டானாக்கும்."

நான் பந்தல்காரனுக்குக் கூலி கொடுக்கப் போய்விட்டேன். அடுத்த வாரம் வக்கீல் வந்தார். தம்பியின் பாதி தனக்கு வந்துவிட்டது, அதைப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்றாள். அவன் சொன்ன அதே வார்த்தைகள். மல்லுக்கு நிற்க அவளுக்குத் தெரியும். ஆபீஸ் விலைக்குப் போயிற்று. அவள் தன் பணத்தோடு புதியம்புத்தூர் போய்த் தையல் மிஷின்கள் போட்டு ஆள் வைத்து நடத்துகிறாள். நன்றாக ஓடுகிறதாம். அதில் எனக்கு வருத்தமில்லை. என் வருத்தமெல்லாம் ஒன்றுதான். லைட்டர் வந்து தீப்பெட்டி விலை சரிந்த நேரத்தில் விற்கும்படி ஆகிவிட்டது. தம்பி கேட்டபோதே விற்றிருந்தால் இன்னும் நல்ல விலை கிடைத்திருக்கும்.

போகட்டும். வலது பக்கச் சக்கரத்துக்குப் பேரிங் மாற்ற வேண்டும். கூரையில் ஒரு மூலையில் ஒழுகும். காற்றுப் போக வழியில்லை. இதற்குள் வைத்து ஒருவனைக் கொன்றிருக்கிறேன். இவ்வளவுதான் குறை, வேறொன்றும் இல்லை.

நீங்கள் எழுந்து போகாமல் உட்கார்ந்திருப்பது எனக்கு ஆச்சரியமில்லை. கடைசிக் குறையைச் சொன்னபோதே உங்கள் முகத்தைப் பார்த்தேன். மனசுக்குள் விலையைக் குறைத்துக்கொண்டிருந்தீர்கள். வெளியே போய்ச் சொல்லவும் மாட்டீர்கள். போலீஸ் வந்தால் வண்டி ஸ்டேஷன் வாசலில் நின்று துருப்பிடிக்கும், உங்களுக்குக் கிடைக்காது. நாம் இரண்டு பேரும் வியாபாரிகள்.

வண்டி அறுபதாயிரம். பேரிங்குக்கும் ஒழுகலுக்கும் ஆயிரம் தள்ளுகிறேன். சாமித்துரைக்காக நீங்கள் கேட்காமலே இரண்டாயிரம். மீதி ஐம்பத்தேழாயிரம், ரொக்கமாக. அந்த இரண்டாயிரம் என் கையைவிட்டுப் போவதோடு, மாப்பிள்ளைக்கும் எனக்கும் இடையில் கணக்கு நேராகிவிடுகிறது.