நீளம் 10.4 என்றிருந்த ஸ்கேன் றிப்போட்

ஏறாவூர், நான்காம் குறுக்குத் தெருவில் வசிக்கும் முனாஸ் பாத்திமா இர்ஷானா ஆகிய நான், வயது 17, தரம் 12 உயிரியல் பிரிவு மாணவி, நடந்த யாவற்றையும் கூட்டாமலும் குறைக்காமலும் உண்மையாகப் பதியச் சொல்கிறேன். என் உம்மா நஸீறா, வயது 44, நெசவுத் தொழில், பக்கத்தில் இருக்கிறார்.

உம்மாவுக்கு ஒரு வருடமாக அதிக இரத்தப்போக்கு. மருந்துக்கு நிற்காததால் கர்ப்பப்பையை எடுப்பதென்று முடிவானது. 17.06.2025 செவ்வாய் காலை, முறைப்பாட்டில் குறிப்பிட்ட தனியார் வைத்தியசாலைக்கு இருவரும் போனோம். அங்கிருந்த பெண் உதவியாளர் உம்மாவுக்கு ஆறு கிளாஸ் தண்ணீர் கொடுத்து, "நான் சொல்லுமட்டும் ஒண்ணுக்குப் போயிராதீங்க" என்றார். அதன்பின் ஸ்கேன் எடுத்தார்கள். முடிந்த பிறகும் ஒண்ணுக்குப் போகலாம் என்று உதவியாளர் சொல்லவில்லை. உம்மாவும் போகவில்லை, வைத்தியசாலையில் சொன்ன சொல்லை உம்மா மீறுவதில்லை.

றிப்போட் என் கையில் பத்து நிமிடம் இருந்தது. அளவுகளை உயிரியல் கொப்பியில் எழுதிக்கொண்டேன்: கர்ப்பப்பையின் நீளம் 10.4 சென்டிமீற்றர், அகலம் 6.1, தடிப்பு 5.3. அதைக் கண்ட உதவியாளர், "புள்ள இப்பவே டொக்டரம்மா ஆகிட்டாவோ?" என்று சிரித்தார்.

அதன்பின் வைத்தியர் உம்மாவின் வயிற்றைக் கையால் அழுத்திப் பார்த்தார். உம்மா கட்டிலின் விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தார். "கர்ப்பப்பை பதினாறு கிழமைக் கர்ப்பத்தின் அளவுக்குப் பெருத்திருக்கு. வயித்த வெட்டித்தான் எடுக்கணும். சனிக்கிழமை வாங்க" என்றார். றிப்போட் மேசையில் உறைக்குள் இருந்தது. அவர் அதைத் திறந்து நான் காணவில்லை. அதைத் திருப்பித் தரவுமில்லை. வெளியே வந்ததும் உம்மா கழிவறைக்கு ஓடினார்.

வீட்டுக்கு வந்து உம்மா கேட்டது ஒன்றுதான்: "வயித்த வெட்டினா எத்தின மாசம் தறியில குந்தேலாது மகள்?"

அதன்பின் 19ஆம் திகதி வியாழன் காலை அரச வைத்தியசாலைக் கிளினிக்குக்குப் போனோம். அங்கிருந்த பெண் வைத்தியர் உம்மாவைத் தொடுவதற்கு முன், "முதல்ல ஒண்ணுக்குப் போயிட்டு வாங்க. சலப்பை நிறைஞ்சிருந்தா கைக்கு எல்லாம் பெரிசாத்தான் படும்" என்றார். உம்மா போய் வந்த பின் ஒரு கையை உள்ளேயும் மறு கையை அடிவயிற்றிலும் வைத்துப் பரிசோதித்தார். "பத்துக் கிழமை அளவுதான். நல்லா அசையுது. வயித்த வெட்டாமக் கீழால எடுக்கலாம். ஸ்கேன் என்ன சொல்லுது?" என்று கேட்டார். நான் கொப்பியைக் காட்டினேன். "ஒத்துப்போகுது. ஆனா மகள், உங்கட கொப்பிய நம்பி நான் ஒபரேஷன் செய்யேலாது. றிப்போட்டக் கொண்டு வாங்க" என்றார்.

அதன்பின் அன்று மாலை 4.30க்குத் தனியார் வைத்தியசாலைக்குத் திரும்பிப் போய் றிப்போட்டைக் கேட்டோம். உதவியாளர் உள்ளே போய் இருபது நிமிடம் கழித்து ஒரு தாளைக் கொண்டுவந்தார். அதில் நீளம் 16.4 என்றிருந்தது. அகலமும் தடிப்பும் மாறவில்லை. திகதி 17 என்றே இருந்தது. ஆனால் செவ்வாய்க்கிழமைத் தாளை நான் நாலாக மடித்து உறையில் வைத்தவள். இந்தத் தாளில் மடிப்பு இல்லை, தொட்டபோது சூடாக இருந்தது.

"முதல்ல பத்து தசம் நாலு என்றுதானே இருந்தது?" என்று கேட்டேன்.

"நீ பிழையாப் பாத்து எழுதியிருப்பாய்" என்றார் உதவியாளர்.

"மூண்டுல ரெண்டச் சரியாப் பாத்தவள் ஒண்ட மட்டும் பிழையாப் பாத்தாளாக்கும்" என்றார் உம்மா. அதன்பின், "சனிக்கிழமை நான் வரமாட்டன். எனக்கு முதல் தாளத் தாங்க" என்றார். உம்மா அங்கே குரல் உயர்த்தியது அதுவே முதல் தடவை.

உதவியாளர் "நேரம் முடிஞ்சி" என்று சொல்லி அறைக்குள் போனார். அப்போது மணி 5.10. வாசல் பலகையில் ஏழு மணி வரை என்று எழுதியிருந்தது.

அந்தத் தாளையும் என் கொப்பியையும் இன்று 20.06.2025 பொலிஸாரிடம் ஒப்படைத்துள்ளேன். இதை வாசித்துக் காட்டக் கேட்டேன். நான் கண்டதும் கேட்டதும் தவிர வேறெதுவும் இதில் இல்லை என்பதால் கையொப்பமிடுகிறேன். உதவியாளர் அறைக்குள் போனதன்பின் உள்ளே யார் என்ன செய்தார்கள் என்று என்னால் சொல்ல முடியாது. நாங்கள் இன்னும் வாசலில் நிற்கும்போதே வைத்தியசாலையின் விளக்குகள் அணைக்கப்பட்டுவிட்டன.

(ஒப்பம்) மு. பா. இர்ஷானா