வாரிசு வேலை

கம்பெனி பஸ் ஐந்து நிமிடம் முன்னால் வந்துவிட்டால்கூட ஸ்தோத்திரம் சொல்கிற மனிதர் என் கணவர் பிராங்க்ளின். உங்களுக்கே தெரியும், ஐயா.

வருகிற ஞாயிறு அறுப்பின் பண்டிகையில் என்னைச் சாட்சி சொல்லச் சொன்னீர்கள். விதவையைக் கர்த்தர் கைவிடவில்லை, மகளுக்கு வாரிசு வேலை கொடுத்தார் என்று. சபைக்குச் சொல்வதற்கு முன் உங்களிடம் முழுவதையும் சொல்லிவிடுவது நல்லது.

அவர் மைன்ஸில் முப்பத்து நான்கு வருடம் பெர்மனென்ட். 2016 மே முப்பத்தொன்று ரிடையர்மென்ட். அதன்பின் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு மந்தாரக்குப்பத்தில் வாடகைக்குப் போக வேண்டும். மகள் எவாஞ்சலின் கான்ட்ராக்டில் இருந்தாள். கான்ட்ராக்டர் மாறும்போதெல்லாம் அவள் பெயர் பட்டியலிலிருந்து போய்விடும். பெண் பார்க்க வந்தவர்கள் "பெர்மனென்ட்டா?" என்று கேட்டுவிட்டு, காபியைக் குடித்துவிட்டு எழுந்து போனார்கள். கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்பார் அவர். உண்மையாகவே அப்படி நம்பினார். அந்த நிம்மதியைப் பார்க்கப் பார்க்க எனக்கு மூச்சு முட்டியது.

எதிர் வீட்டுக் குஞ்சிதபாதம் சர்வீஸில் இருக்கும்போதே இறந்தார். அவர் மகளுக்கு வேலை கிடைத்தது, குவார்ட்டர்ஸும் தங்கியது. அவர் மனைவி துணி காயப்போட்டுக்கொண்டே ஒருநாள் சொன்னாள்: "அவரு இருந்து குடுத்தத வுட, போயி குடுத்ததுதான்க்கா ஜாஸ்தி." இருவரும் சிரித்தோம். நான் கொஞ்சம் அதிகமாகச் சிரித்தேன்.

இதயத்தில் ஸ்டென்ட் வைத்ததிலிருந்து என் கணவர் தினமும் மாத்திரை சாப்பிட்டார். அந்த வருடம் ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் கறியையும் காபியையும் விட்டார். நான் கேட்டேன்: "கறிய வுடறது பெரிசாங்க? மாத்திரைய நம்பிகினு இருக்கீங்களே, அது முழு இருதயமா?"

"சுவிசேஷம் எழுதுன லூக்காவே வைத்தியருதான், பாக்கியம்," என்று சிரித்தார். "அவரக் கேட்டா, ஒழுங்கா முழுங்குடான்னுவாரு."

நான் சண்டை போடவில்லை. குடும்ப ஜெபத்தில் தினமும் ஒரு வரி சேர்த்தேன்: எங்களுக்குள் இருக்கிற அரை விசுவாசத்தை மன்னியும் என்று. இந்த உலகத்தில் அவர் பயந்தது ஒன்றுக்குத்தான். அனனியாவைப் போல, கடவுளுக்குக் கொடுக்கும்போது ஒரு பங்கை ஒளித்து வைத்துக்கொள்கிறவனாக இருந்துவிடுவோமோ என்று. அது எனக்கு மட்டும்தான் தெரியும். பெரிய வெள்ளி ஆராதனை முடிந்து வந்து மாத்திரைப் பெட்டியை என் கையில் கொடுத்தார்.

"நீயே வச்சிக்க. நடுவுல நான் தளந்து போயி கேட்டாலும் குடுக்காத."

பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். ஏப்ரல் போயிற்று. அவர் முகம் தெளிவாக இருந்தது. நன்றாகச் சாப்பிட்டார், சைக்கிள்கூட ஓட்டினார். மே பிறந்ததும் நான் பயந்துபோனேன், கர்த்தர் அவரை உண்மையிலேயே குணமாக்கிவிட்டாரோ என்று. மூன்று நாள் உபவாசம் இருந்தேன். எதைக் கேட்டு என்று எனக்கே சொல்லிக்கொள்ளவில்லை.

மே பத்தொன்பது அவருக்கு வார விடுமுறை. எவாஞ்சலின் வேலைக்குப் போயிருந்தாள். காலை பதினொரு மணிக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். வேர்வையில் பனியன் ஒட்டிக்கொண்டது.

"பாக்கியம், அத குடு. ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணு."

"நீங்கதான குடுக்காதன்னீங்க," என்றேன்.

என்னையே பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். நான் பக்கத்தில் மண்டியிட்டுச் சத்தமாக ஜெபித்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. நடுவில் என் மணிக்கட்டைப் பிடித்தார். ஜெபத்துக்குக் கை கூப்ப வேண்டியிருந்ததால் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டேன். அவர் அடங்கிய பிறகுதான் ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன்.

விசுவாசத்தில் மரித்தார் என்று அடக்க ஆராதனையில் பிரசங்கித்தீர்கள். தவறில்லை. விசுவாசம் அவருடையது. கொன்றது நான். ரிடையர்மென்ட்டுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

போலீஸுக்குச் சொல்வதானாலும் சொல்லுங்கள், மறுக்க மாட்டேன். எவாஞ்சலினுடைய ஆர்டரில் மட்டும் யாரும் கை வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஐயா. அது கர்த்தர் கொடுத்தது.